வெயர்புஷ் கிராமத்து அடுப்பு

கூட்டுறவுச் சங்கம் என்றதும் நம்மில் பலருக்குக் கடன் மனுவும் தவணைத் தேதியுமே நினைவுக்கு வருகின்றன. கிராமக் கடன் சங்கத்தின் வரலாறு ஒரு சிற்றூரின் ரொட்டி அடுப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஜெர்மனியின் மேற்கே, வெஸ்டர்வால்ட் என்னும் குன்றுப் பிரதேசத்தில் உள்ளது வெயர்புஷ். குளிர் மிகுந்த இடம். மண்ணும் வளம் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கிருந்த குடியானவர்கள் துண்டு நிலங்களில் ரை தானியமும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, ஓரிரு மாடுகளை வளர்த்துக் காலந்தள்ளினர். 1845இல் அவ்வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக வந்தவர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன்.

1846இல் விளைச்சல் பொய்த்தது. குளிர்காலத்தில் பஞ்சம் வாட்டியது. அரசாங்கம் மாவு அனுப்பிற்று. ஆனால், ரொக்கத்துக்கு மட்டுமே அதை வழங்கவேண்டும் என்பது உத்தரவு. கையில் காசு உள்ளவன் பட்டினி கிடப்பானா? ரைபைசன் துணிந்து கடனாகவே மாவைக் கொடுத்தார். பின்னர் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கினார். ஊருக்குப் பொதுவாக ஓர் அடுப்புக் கட்டி ரொட்டி சுடச் செய்தார். ஏழைகள் அதைக் கடனாகப் பெற்றனர். ஊரில் ரொட்டி விலையும் இறங்கியது.

1849இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்னும் ஊரில், கடும் வட்டிக்கு மாடு வாங்கி நலிந்த உழவர்களுக்காக மற்றொரு சங்கம் கண்டார். மாட்டை வாங்கிக் கொடுத்து, விலையைத் தவணையாகப் பெறுவது அதன் முறை. இவையெல்லாம் செல்வர் கொடுக்க, ஏழை பெறும் தருமங்களே. நாளடைவில் கொடுப்போரின் ஊக்கம் தளர்ந்தது.

ஆகவே 1864இல் ஹெடஸ்டோர்ஃபில் அமைந்த கடன் சங்கத்தில், கடன் பெறுவோரும் அங்கத்தினராதல் வேண்டும் என்ற விதி பிறந்தது. ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு. லாபம் பங்கிடப்படாமல் சேமநிதியாகும். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூராதலின், வாங்கியவன் பணத்தை எதற்குச் செலவிட்டான் என்பதை ஊரே அறியும்.

இந்த முறையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், சென்னை அரசாங்கத்துக்கு 1895லும் 1897லும் அளித்த அறிக்கையில் இதையே பரிந்துரைத்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூருக்கு அருகே திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று.

இன்று பெரும்பாலான சங்கங்களில் நமது பொறுப்பு பங்குத் தொகையளவோடு நிற்கிறது. எனினும், ஒருவர் தவணை தவறினால் அடுத்த பருவத்தில் விதைக்கோ நூலுக்கோ கடன் கேட்பவரின் வழி அடைபடுகிறது. சங்கத்தைத் தருமசாலையாகக் கருதினால் அது நிலைக்காது. நமது சொத்தாகக் காத்தால் நம் பிள்ளைகளுக்கும் உதவும்.