உஷார்! கரிசலில் ஓட்டிய கை தேரியில் உதவாது

பங்குனி உத்திரத்தன்று கோவில்பட்டியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆளாளுக்கு ஒரு சாஸ்தா, ஆளாளுக்கு ஒரு திசை. முன்பெல்லாம் வேன் பேசிப் போனோம். எதுவரை சக்கரம் போகும், எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் வேன்காரருக்கு அத்துபடி. இப்போது வீட்டுக்கு ஒரு கார் வந்துவிட்டது. ஓட்டுகிறவர்கள் நாம். பொங்கல் பானையை டிக்கியில் ஏற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிதான், அதாவது செம்மணல் மேடுதான், விஷயம். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனாரும், தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரும் அந்தச் செம்மணலுக்குள்தான் இருக்கிறார்கள். கும்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. 'பாலைவனம் பார்க்கணும், வீடியோ எடுக்கணும்' என்று தார்ச்சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களும், 'நம்ம கரிசக்காட்டுல ஓட்டாத வண்டியா?' என்று இறக்கிவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

ஏனென்றால் கரிசல்காரனுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தேரியில் தலைகீழ். கரிசல் காய்ந்து கிடந்தால் கல்லு. லாரியே போகும். நனைந்தால் எமன். தேரி மணல் லேசாக நனைந்திருந்தால் இறுகி நின்று சக்கரத்தைத் தாங்கும். காய்ந்து கிடந்தால் விழுங்கிவிடும். 'மழை இல்லை, காய்ந்துதானே கிடக்கு, தாராளமா இறக்கலாம்' என்று நம் மூளை சொல்கிறதே, அந்தக் கணக்குதான் அங்கே ஆளைக் கவிழ்க்கிறது. பங்குனியில் தேரி எப்படிக் கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் நானே கவிழ்ந்தேன். கோயிலுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, முந்தையவர்கள் போன சக்கரத் தடம் ஒன்று தெரிந்தது. அதில் விட்டேன். ஐம்பது அடி நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஸ்டியரிங் லேசாகிவிட்டது, ஓடையில் மிதக்கிற மாதிரி. பயத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். முன்சக்கரம் இரண்டும் அதே இடத்தில் சுழன்று, சிவப்பு மணலைப் பின்னால் வாரி இறைத்தன. இறங்கிப் பார்த்தால் பாதி டயர் மண்ணுக்குள். குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டேன், விரல் போக இடமில்லை. வயிறு தரையில் படிந்து ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தது. சக்கரம் தொங்கலில் இருந்தால் எத்தனை குதிரைத் திறன் இருந்து என்ன செய்ய?

நல்ல வேளை, பதநீர்க்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். சைக்கிளைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்ததைக் கவனித்தேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

“அழுத்துனா ஏறுமா தம்பி? அழுத்த அழுத்தக் குழியைல்லா தோண்டுதிய. வண்டியை அமத்துங்க மொதல்ல.”

அமர்த்தினேன். அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையிலேயே உருப்படியான விஷயம். “டயர்ல காத்தைத் தொறந்து விடுங்க.” 32 பி.எஸ்.ஐ. இருந்த காற்றை, நாலு சக்கரத்திலும் 18, 20 அளவுக்கு இறக்கினோம். டயர் சப்பையாகி அகலமாகப் படிந்தால் பாரம் பரவுகிறது, மணல் தாங்குகிறது. ஒட்டகத்தின் பாதம் ஏன் அகலம் என்று பள்ளியில் படித்தோமே, அதே சங்கதி. பிறகு வயிற்றுக்கு அடியில் இருந்த மணலையும் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலையும் கையால் வாரி எடுத்து, பனை ஓலையை மட்டையோடு திணித்தோம். முன்னால் போக முயலவேண்டாம், வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள் என்றார். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ரிவர்ஸில் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் போனது. மூன்று படி பதநீருக்குக் காசு கொடுத்தேன், மீதிக்கு அவர் கை நீட்டவில்லை.

காற்றை இறக்கினால் மறக்காமல் ஏற்ற வேண்டும். சப்பை டயரோடு நாலுவழிச் சாலையில் 80, 90-ல் போனால் டயர் சூடேறி வெடிக்கும். காரில் சொருகுகிற சின்ன பம்ப் ஒன்றும், காற்றளவு பார்க்கிற மீட்டர் ஒன்றும் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பேச்சையே எடுங்கள். இன்னொன்று. உயரமாக, முரட்டுத் தோற்றத்தில் இருக்கிற வண்டியெல்லாம் நாலு சக்கரத்திலும் இழுக்கிற வண்டி என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை இரண்டு சக்கர இழுவைதான். பார்வைக்குப் புலி, மணலில் பூனை.

எதற்கு இத்தனை பாடு? கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நடங்கள். அந்தப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி ஓட்டினால் வழக்கு, அபராதம் எல்லாம் உண்டு.

நடப்பதிலும் உஷார் வேண்டும். ஒருகாலத்தில் காற்றோடு நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடிய மணல் இது. பனையும் முந்திரியும் உடைமரமும் நட்டு அதைக் கட்டிப்போட்டார்கள். அந்த மரங்கள்தான் இப்போது ஆளைக் குழப்புகின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பனை, அதே உடை, அதே சிவப்பு. காலடித் தடத்தைப் பிடித்துத் திரும்பலாம் என்றால், வரும்போது பதிந்த தடத்தைப் போகும்போது காற்று அழித்திருக்கும். ஆடியில் அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்பது கயத்தாற்றுக் காற்றாலைகளைத் தினமும் பார்க்கிற நமக்குத் தெரியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கினால் செல்போன் சிக்னலும் காணாமல் போகும். கோயில் கோபுரமோ, செல்போன் டவரோ ஏதாவது ஒன்று கண்ணில் படுகிற தூரத்துக்குள்ளேயே நில்லுங்கள். அது மறைந்தால் திரும்பிவிடுங்கள்.

நேரம் முக்கியம். காலை ஆறு மணிக்கு உள்ளே, ஒன்பதரைக்கு வெளியே. செருப்பை மீறிச் சுடுகிற மணல் அது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். காரில் இருக்கிறது என்பது கணக்கில் சேராது. கூட வந்தவருக்குப் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெயில் தாக்கியதன் அறிகுறி. நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

செம்மண் இறுகிக் கெட்டிப்பட்ட இடங்களில் மழைத்தண்ணீர் அரித்து ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்திருக்கும். கரை செங்குத்தாக நிற்கும். அமெரிக்கச் சினிமாவில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று பையன்கள் விளிம்பில் நின்று போஸ் கொடுக்கிறார்கள், அடியில் உட்கார்ந்து குகை தோண்டுகிறார்கள். அது பாறை கிடையாது சாமி. பார்க்கத்தான் சுவர். ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு வரை மூடுகிற மணலிலிருந்து பெரிய ஆளே தானாக வெளியே வர முடியாது. புதர் ஓரத்தில் கை வைக்காதீர்கள். சுருட்டை விரியன் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கடித்தால் கீறுவது, கட்டுவது எல்லாம் வேண்டாம், நேரே அரசு ஆஸ்பத்திரி.

இடையில் ஒரு சங்கதி. தேரி மணலில் நகம் அளவுக்குக் கூரான கல்சில்லுகள் கிடைக்கும். கற்கால மனிதர்கள் செய்த கருவிகள் அவை. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். பையில் போட்டுக்கொண்டு வந்து ஷோகேஸில் வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

தேரியிலிருந்து தப்பித்துவிட்டோம், இனி நம்ம ஊர் என்று நிம்மதியாகத் திரும்பினேன். ஓட்டப்பிடாரம், பசுவந்தனை வழி. சாயங்காலம் நாலு மணி. மேற்கே கழுகுமலைப் பக்கம் வானம் கருத்து இடி இடித்தது. எங்களுக்கு ஒரு பொட்டு மழை இல்லை. செல்போன் மேப் ஒரு குறுக்குப் பாதையைக் காட்டி, 12 நிமிஷம் மிச்சம் என்றது. அந்த மேப்புக்குத் தார் ரோடும் தெரியாது, வண்டிப்பாதையும் தெரியாது. எல்லாம் அதற்கு ஒரே கோடு. நான் பிறந்து வளர்ந்த மண்ணில் அதைக் கேட்டுத் திரும்பினேன் என்பதை இன்றைக்கும் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாதி வழியில் கோடை மழை பிடித்தது. பத்து நிமிஷம்தான். கரிசல் மண்ணில் இருக்கிற களி, தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ரகம். அதனால்தான் கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. முதல் மழையை அந்த வெடிப்புகள் குடிக்கும். உப்பி வாயை மூடிவிட்டால் அதற்குமேல் ஒரு சொட்டு உள்ளே இறங்காது, பெய்வது அத்தனையும் ஓடைக்குத்தான். மேல்மண்ணோ மெழுகாகிவிடும். டயரின் பள்ளமெல்லாம் களி அப்பி, சக்கரம் உளுந்த வடை மாதிரி வழவழவென்று ஆனது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் இறுகி, சக்கரமே சுற்றவில்லை. இங்கே காற்றை இறக்கினாலும் பலிக்காது, ஓலை போட்டாலும் பலிக்காது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், வண்டியை விட்டுவிட்டு நடப்பது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலுக்கு இரண்டு கிலோ மண்ணோடு நடந்தோம்.

நடந்த வழியில் ஒரு கிணறு. கமலை ஓடிய காலத்துக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது, சீமைக்கருவேலம் வாயை மூடியிருந்தது. இன்னும் முப்பது அடி வண்டி போயிருந்தால் முன்சக்கரம் அதன் விளிம்பில். மானாவாரிக் காட்டில் இப்படிக் கைவிட்ட கிணறுகள் எத்தனையோ. வண்டல் அள்ளிய கண்மாய்ப் பள்ளமும், தண்ணீர் நிற்கிற கல்குவாரிக் கிடங்கும் அதே ரகம்தான். இருட்டில் புதுப் பாதை வேண்டவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய கண்டம் ஓடை. எங்களுக்கு முன்னால் இருந்த தரைப்பாலத்தில் மேற்கே பெய்த மழை அதற்குள் செந்நீராக வந்துகொண்டிருந்தது. அங்கே மழை, இங்கே வெள்ளம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற மணற்பாறை இடுக்கில் 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்ததும் இதுதான். பல மைல் தள்ளிப் பெய்த மழை சட்டென்று இறங்கி, இடுக்குக்குள் நின்றவர்களில் 11 பேரைக் கொண்டுபோனது. ஒரு அடி ஓட்டத் தண்ணீர் சின்னக் காரை மிதக்கவிடும், இரண்டு அடி பெரிய வண்டியையும் இழுத்துப்போகும். வளைகுடாவில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள். வெள்ளம் ஓடுகிற வாடிக்குள், அதாவது மலை ஓடைக்குள், வண்டியை விட்டால் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2,000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, 60 நாளுக்கு வண்டி பறிமுதல். 2023-இல் கொண்டுவந்தார்கள். நம்மூரில் அபராதம் கிடையாது, ஓடையே வசூலித்துக்கொள்ளும்.

'நம்ம ஊரு வானம் பார்த்த பூமி, இங்க என்ன வெள்ளம்?' என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. கோவில்பட்டியிலேயே 50 செ.மீ.க்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டி நின்றார்கள். அதற்கு முந்தின வாரம் வரை நாமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வண்டியை மூன்றாம் நாள் டிராக்டர் வைத்து இழுத்தோம். மண் காயும்வரை டிராக்டர்காரர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், வந்தால் டிராக்டரும் உட்கார்ந்துவிடுமாம். வாட்டர் சர்வீஸ்காரர் அடிப்பக்கம் எட்டிப் பார்த்தார். மேலே கருப்பு, உள்ளே சிவப்பு என்று இரண்டு அடுக்காக ஒட்டியிருந்த மண்ணை ஸ்க்ரூடிரைவரால் ஒரு கட்டி பெயர்த்து என் கையில் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, இதுக்கு ரெண்டு ரேட்டு போடணும்” என்றார்.