சீல் கொழுப்பு: அவர்களுக்கு உணவு, நமக்கு மருந்தா?

டாக்டர் "கொழுப்பைக் குறைங்க" என்று சொன்ன மறுநாளே அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறோம் நாம். ஆனால், காய்கறியே விளையாத பனிப் பிரதேசத்தில் கொழுப்பையே முக்கிய உணவாகச் சாப்பிட்டு ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது, தெரியுமா? கிரீன்லாந்து, வட கனடா பகுதிகளில் வாழும் இனுயிட் மக்கள்தான் அவர்கள். எஸ்கிமோக்கள் என்று பள்ளியில் படித்தோமே, அவர்களேதான்!

அவர்களை வாழவைத்தது சீல் என்ற கடல் பிராணி. மீன் அல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. குளிரைத் தாங்குவதற்காக இதன் தோலுக்கு அடியில் தடிமனான கொழுப்பு இருக்கிறது.

நமக்குத் தென்னை மாதிரி அவர்களுக்கு சீல். இறைச்சி உணவாகும். தோல் உடையாகும், படகாகும். கொழுப்பிலிருந்து கிடைக்கும் எண்ணெய் கல் விளக்கில் எரியும். வெளிச்சம், கணப்பு, அடுப்பு எல்லாமே அந்த விளக்குதான். வெயில் குறைந்த அந்த ஊரில் வைட்டமின் டி கிடைப்பதும் இந்தக் கொழுப்பிலிருந்துதான். பச்சை ஈரலில் வைட்டமின் சி கூட உண்டு.

சரி, இதற்கும் நம் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

1970-களில் பாங், டையர்பெர்க் என்ற டென்மார்க் விஞ்ஞானிகள் கிரீன்லாந்து இனுயிட்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கொலஸ்ட்ரால் குறைவாகவும், ஒமேகா-3 கொழுப்பு அதிகமாகவும் இருந்தது. 'அதனால்தான் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு' என்ற கருத்து பரவியது. மீன் எண்ணெய், சீல் எண்ணெய் மாத்திரைகள் கடைக்கு வந்தன.

அங்கேதான் சிக்கல்! அந்த விஞ்ஞானிகள் இனுயிட்களின் இதயத்தைப் பரிசோதிக்கவில்லை. மாரடைப்பு குறைவு என்பதற்கு அரசாங்கப் பதிவுகளையே நம்பினார்கள். டாக்டரே எட்டிப் பார்க்காத கிராமங்களில் இறந்தவர்களின் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? கனடா மருத்துவர்கள் 2014-ல் எல்லா ஆய்வுகளையும் அலசி, இனுயிட்களுக்கும் மற்றவர்களைப் போலவே இதய நோய் வருகிறது என்று எழுதினார்கள்.

இந்த உணவுக்கு ஏற்றபடி அவர்களது மரபணுக்களே மாறியிருப்பதாக 2015-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ள வேண்டுமே! போதாக்குறைக்கு, கடலில் கலக்கும் பாதரசம் சீலின் இறைச்சியிலும், ரசாயனக் கழிவுகள் அதன் கொழுப்பிலும் சேர்கின்றன.

சரி, மாத்திரை வேண்டாமா? பல பரிசோதனைகளைத் தொகுத்த 2018-ம் ஆண்டு காக்ரேன் ஆய்வின்படி, ஒமேகா-3 மாத்திரைகளால் இதயத்துக்குப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. ட்ரைகிளிசரைடு அதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் கட்டாயம் சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். விளம்பரத்தைப் பார்த்து நீங்களாக வாங்கவும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மீன் சாப்பிடுகிற வீடா? மத்தி மீன் குழம்பு வையுங்கள். சைவமா? ஆளி விதையைப் பொடி செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள். பனிக்கடல் வரை போக வேண்டியதே இல்லை!