ஒரே தகட்டில் பல வண்ணம்

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, மையில் தோய்த்துத் தாளில் ஒற்றியிருக்கிறீர்கள் அல்லவா? மேடான பகுதி மையைத் தருகிறது. பள்ளம் வெள்ளையாக நிற்கிறது. 1930இல் தண்டி யாத்திரை சென்ற காந்தியடிகளை நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டதும் இம்முறையில்தான். ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகம் ஓவியங்களுக்கு நகல் எடுத்தது. போஸின் படமோ எதற்கும் நகல் அன்று. அச்சுக்கென்றே பிறந்த ஓவியம்.

ஆனால் அது கறுப்பு வெள்ளை. பல வண்ணம் வேண்டுமானால், வண்ணத்திற்கு ஒரு தகடாகச் செய்து ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடவேண்டும். மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்.

இதற்கு வழி கண்டவர்களுள் முக்கியமானவர், சாந்திநிகேதனில் போஸிடம் பயின்ற கிருஷ்ண ரெட்டி (1925-2018). சித்தூர்ப் பக்கத்துக்காரர். சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். பின்பு லண்டன் வழியாகப் பாரிசுக்குச் சென்று, ஹேட்டர் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார். ரெட்டி சிற்பியும்கூட. ஆகவே உலோகத் தகட்டையும் சிற்பம்போல் மேடு, நடுத்தளம், பள்ளம் எனப் பல மட்டங்களாகக் குடைந்தார்.

இனி வருவது நம் இயற்பியல். சாய்த்த கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் ஒரு துளி, விளக்கெண்ணெய் ஒரு துளி வையுங்கள். முன்னது விரைந்து ஓடும், பின்னது தயங்கும். இந்தத் தயக்கமே பாகுநிலை. ஆளிவிதை எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, மையின் பாகுநிலையை மாற்றலாம்.

முதலில் ஆழ்ந்த கோடுகளில் ஒரு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். அடுத்து, இளகிய மை தடவிய கெட்டி உருளை. அது மேடுகளை மட்டுமே தொடும். பிறகு கெட்டி மை தடவிய மெத்தென்ற உருளை; அழுத்தினால் அது பள்ளத்திற்குள்ளும் இறங்கும். வழியில் மேடுகளையும் தொடுகிறதே, இரு மைகளும் கலந்துவிடாவா? கலப்பதில்லை. இளகிய மையின் எண்ணெய்ப் படலம் எளிதில் பிளந்துவிடுகிறது. தன்னுள் இறுகப் பற்றிய கெட்டி மை உருளையோடே திரும்பிவிடுகிறது. வரிசையை மாற்றினால் இந்த விலக்கம் நடக்காது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

ஈரத்தாளை வைத்து ஒருமுறை அழுத்தினால் எல்லா வண்ணமும் பதியும். 1963இல் அவர் செய்த 'நீர்ச்சுழல்' இத்தகையது.

ஒன்று நினைவிருக்கட்டும். வெப்பம் ஏறினால் பாகுநிலை குறையும். பாரிசின் குளிரில் கலந்த அளவு, எங்கள் கோட்டுச்சேரிமேட்டுச் சித்திரை வெயிலுக்கு ஒத்துவராது. எண்ணெயைக் குறைத்துத்தான் கலக்கவேண்டும்.