இளம் ஊழியரும் பணித்தொடர்புகளும்: திருத்தணி தரும் ஒரு படிப்பினை

இறையியற் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்று வெளியேறும் இளைஞர் முதன்முதலாக ஒரு சிற்றூருக்கு அனுப்பப்படுங்கால் அவர் உணரும் குறை நூல்களின் குறையன்று, மனிதரின் குறையே. விடுதியில் நள்ளிரவு வரை வாதாடிய நண்பர்கள் அங்கில்லை. ஐயம் எழுந்தபோது அணுகத்தக்க ஆசிரியரும் இல்லை. ஈராண்டு கழிவதற்குள் வாசிப்புக் குறைகிறது; அருளுரைகள் ஒரே தடத்தில் சுழலத் தொடங்குகின்றன. இத்தனிமையைத் திருப்பணியோடு பிறந்த சுமையென்று எண்ணிப் பலர் தாங்கிக்கொள்கின்றனர். இதிற் பெரும்பகுதி தவிர்க்கத்தக்கது என்பதே நமது கருத்து. பணித்தொடர்புகளைத் தொடக்கத்திலேயே குறிக்கோளோடு வளர்த்துக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

‘தொடர்பு’ என்றவுடன் சிலர் முகம் சுளிப்பர். பெரிய இடத்துச் சிபாரிசைத் தேடுவதும், பேராயரின் வாயிலில் காத்து நிற்பதும், தேர்தற் காலத்தில் ஆதரவு திரட்டுவதும் அவர்கள் நினைவுக்கு வரும். அந்த அருவருப்பு நியாயமானதே. எனினும் திருக்குறள் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரத்தையும், ‘நட்பாராய்தல்’ என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்திருப்பது நோக்கத்தக்கது. துணையை நாடிக் கொள்ளுதலும் நட்பை ஆராய்ந்து தெரிதலும் அறத்திற்குப் புறம்பானவை அல்ல என்பது நம் முன்னோர் துணிபு. எதற்காக, எவ்விதமாக என்பதே கேள்வி.

திருத்தணியில் பிறந்த ஒருவர்

இக்கேள்விக்குத் துணைசெய்யும் வாழ்வொன்று, முருகன் கோயில் கொண்ட மலையடியிலுள்ள திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் குடும்பம் செல்வமுடையதன்று, தந்தையார் சிறு வருவாய்த்துறை ஊழியர், வீட்டுமொழி தெலுங்கு. திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் வூரீஸ் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். தத்துவத்தை அவர் முன்கூட்டித் திட்டமிட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் பாடநூல்களைக் கொடுத்துதவியதே அதற்குக் காரணமாயிற்று.

கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராயிருந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு மிஷனரி ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் கூறிய குறைகள் மாணவரின் உள்ளத்தைத் தைத்தன. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே 1908இல் தமது முதுகலை ஆய்வுரையை அவர் எழுதினார். கருத்தில் மாறுபட்ட ஹாக் அவ்வாய்வுரையைப் பாராட்டினார். இளைஞரின் முதற்பெரும் பணித்தொடர்பு, ஒத்த கருத்துடையாரிடமன்று, மாறுபட்டாரிடமே உருவாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரான பின்னர், அவர் பதவியை நோக்கிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அயல்நாட்டு ஆய்வேடுகளுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 1921இல் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாவுக்குச் சென்றார். முயர்ஹெட் என்னும் பிரித்தானிய அறிஞர் தம் தத்துவ நூல்வரிசைக்காகக் கேட்டுக்கொண்டதன் விளைவே ‘இந்தியத் தத்துவம்’. அதன் முதற்பகுதி 1923இல் வெளிவந்தது. 1926இல் ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அக்கல்லூரியின் முதல்வராயிருந்த எல். பி. ஜாக்ஸ், இராதாகிருஷ்ணனின் கட்டுரைகளை ஏற்று வெளியிட்ட ஹிபர்ட் ஜர்னலின் ஆசிரியரும் ஆவார். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குவோர்க்கு, தொடர்பு என்பது எதனால் வளர்கிறது என்பது விளங்கும். முதலில் கொடுப்பதற்கு ஒன்று இருந்தது. அழைப்பு பின்னர் வந்தது.

தொலைவிலுள்ளோரின் பயன்

அமெரிக்கச் சமூகவியலர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இங்குக் குறிப்பிடத்தக்கது. அறிமுகமானவர் வழியாகப் புதுவேலை பெற்றோரை அவர் வினவினார். அந்த அறிமுகமானவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவினரே; எப்போதாவது சந்தித்தோர் 56 பேர்; மிக அரிதாகச் சந்தித்தோர் 28 பேர். காரணம் எளிது. நம்மோடு நெருங்கிப் பழகுவோர் நாமறிந்ததையே அறிந்திருப்பர். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்தே வரும்.

இவ்வுண்மை நமது திருச்சபைக்குச் சுடுகின்ற ஒன்று. நம் தொடர்புகள் பெரும்பாலும் உறவு, ஊர், சாதி என்னும் வட்டத்தைத் தாண்டுவதில்லை. இளம் ஊழியர் எதையும் திட்டமிடாவிடில் அவருக்குத் தொடர்பே இராது என்பதில்லை. சாதித்தொடர்பு தானாகவே அவரைச் சூழ்ந்துகொள்ளும். ஆகவே குறிக்கோள் வகுத்தல் நமக்கு முன்னேற்றத்தின் வழி மட்டுமன்று, விடுதலையின் வழியுமாகும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியலென்று தள்ளிவிடுகிறோம். அதில் பெண்களும், யூதரும், கிரேக்கப் பெயருடையோரும், அடிமைகளுக்கு வழங்கிய பெயருடையோரும் ஒருங்கே வாழ்த்தப் பெறுகின்றனர். அந்நிருபம் எழுதப்பட்ட காலத்தில் பவுல் ரோமாபுரியைக் கண்டதில்லை.

முதலாண்டுக்கு நான்கு குறிக்கோள்கள்

திருத்தணியை ஒத்த ஓர் ஊருக்கு அனுப்பப்பட்டவரை மனத்திற்கொண்டு இவற்றைக் கூறுகிறோம். அவ்வூர் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்க்கப்பட்டு, 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் அங்கு ஒரே தெருவில் வழங்குகின்றன.

முதலாவது, மூத்தவர் ஒருவர். பதவியில் உயர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. நம் தவற்றை நேரிற் சொல்லத் துணிபவராயிருத்தல் போதும். மூன்று மாதத்திற்கொருமுறை அவரைச் சந்திக்க நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஆலோசனை கூறுங்கள்’ என்று பொதுப்படக் கேளாமல், தெளிவான ஒரு வினாவோடு செல்வது அவரது நேரத்தை மதிப்பதாகும்.

இரண்டாவது, ஒத்த வயதினர் மூவர் அல்லது நால்வர். அரக்கோணம் போன்ற இரயில் சந்திப்பூர் ஒன்றில் மாதம் ஒருநாள் கூடி, ஒரு நூலின் ஓர் அதிகாரத்தை வாசித்துப் பேசலாம். இவர்களுள் ஒருவரேனும் வேறு சபைப்பிரிவினராகவும், ஒருவரேனும் வேறு சமூகத்தினராகவும் இருத்தல் நலம்.

மூன்றாவது, மாறுபட்ட கருத்துடைய இருவர். தமிழாசிரியர், மருத்துவர், கோயிலோடு தொடர்புடைய பெரியவர் எனப் பலரும் அவ்வூரில் உளர். அவர்களை மாற்றும் நோக்கமின்றி, அவர்களிடம் கற்கும் நோக்கத்தோடு பழக வேண்டும். ஹாக்கும் அவர் மாணவரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. தெலுங்கு பேசக் கற்றுக்கொள்வதும் இதில் அடங்கும்.

நான்காவது, நமக்கு எதையும் திருப்பித்தர இயலாதோர். அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை ஆகிய ஊர்களின் நெசவாளர் குடும்பங்கள் இரண்டையேனும் பெயரோடும், அவர்தம் கூலி, கடன் ஆகியவற்றோடும் அறிந்திருத்தல் வேண்டும். இந்நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றையும் நிறைவேற்றுவோர் உயர்பதவி பெறலாம், ஊழியர் ஆகார்.

ஒரு குறிப்பேட்டில் சந்தித்தவர் பெயர், நாள், பேசிய பொருள், நாம் செய்வதாக ஒப்புக்கொண்டது ஆகியவற்றை எழுதிவைத்தல் பெரிதும் உதவும். ஒப்புக்கொண்ட சிறு காரியத்தை ஒரு வாரத்திற்குள் முடித்துத் தெரிவிப்பவரிடம் மக்கள் மீண்டும் மனமுவந்து பேசுவர். உதவி தேவைப்படுங்கால் மட்டும் கடிதம் எழுதுவோரை அவர்கள் விரைவில் இனங்கண்டுகொள்வர்.

அளந்தறியும் முறை

ஆண்டிறுதியில் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும். எத்தனை பேரை அறிந்தோம் என்பதன்று வினா. யாரால் நம் எண்ணம் ஒன்று மாறிற்று? நம்மால் யாருக்கு யார் அறிமுகமாயினர்? எருசலேமில் யாவரும் சவுலுக்கு அஞ்சியபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றவர் பர்னபா. பின்னாளில் பவுலின் புகழ் அவரது புகழை மிஞ்சியது. பிறரை இணைத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் இம்மனமே பணித்தொடர்பைத் தன்னலத்தினின்று காக்கும்.

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பர். ஆண்டின் நாட்களுக்கு இணையாக அவற்றை எண்ணுவது அங்குள்ள மரபு. ஒரே நாளில் எல்லாத் தொடர்புகளையும் எட்டிவிட வேண்டும் என்னும் பதற்றம் இளம் ஊழியருக்கு வேண்டியதில்லை. இவ்வாரம் எழுத வேண்டிய ஒரு கடிதம், காண வேண்டிய ஒரு வீடு எது என்று தெளிந்து, அதைச் செய்து முடிப்பாராக.