வேலியின் காஸ்கெட்

குக்கர் வைத்து வெகுநேரமாகியும் விசில் வரவில்லை என்றால், பாத்திரத்தின் அடி தடிமனா மெல்லிசா என்று யாரும் ஆராய்வதில்லை. மூடியின் ஓரத்தில் எங்கே 'உஸ்' என்கிறது என்று பார்த்து, காஸ்கெட்டைத்தான் மாற்றுகிறோம். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆவிக்கு ஒரு சந்து போதும். நாய் வளர்க்கும் வீட்டின் வேலியும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் வேலி போடுகிறவர்கள் பெரும்பாலும் பாத்திரத்துக்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். ஐந்தடியா ஆறடியா, கம்பி என்ன கேஜ் என்று நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். நாயோ கேட்டுக்கு அடியில் நுழைந்து போய்விடுகிறது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முயல் வேட்டைக்கென்றே வளர்ந்த இனம் அது. கண்ணில் பட்டதைத் துரத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது.

முதலில் தீயைப் பார்க்க வேண்டும். அடுப்பு எரியாமல் ஆவி இல்லை. வேலிக்கு வெளியே ஓடும் பூனை, மேய்ச்சலுக்குப் போகும் ஆடு, பருவத்துக்கு வந்த பெட்டை நாய், பகலெல்லாம் தனியாகக் கிடக்கும் சலிப்பு, எல்லாமே தீதான். தெருவைப் பார்த்த பக்கத்தில் வலைக்கு வெளிப்புறமாகத் தென்னந்தட்டி கட்டி மறைத்துவிட்டால், கண்ணால் வேட்டையாடும் நாய்க்குத் துரத்த ஒன்றும் தெரியாது. உள்பக்கம் கட்டினால் கடித்துப் பிய்த்துவிடும். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டுக் கூட்டிவருவதுதான் அதற்கு விசில், உள்ளே சேர்ந்த வேகம் அப்படித்தான் வெளியேறும். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் அலையும் ஆசையும் குறையும். வேலிக்கு அளவெடுக்கும் முன்பே செய்ய வேண்டியவை இவை.

பாத்திரம் செயின்லிங்க் வலையாக இருக்கட்டும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 14 கேஜ் 2 மில்லிமீட்டர்தான், 10 கேஜ் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பெரிய நாய்க்குப் 10 கேஜே வாங்குங்கள். உயரம் ஆறடி. முள்கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டுக்கும் மனிதருக்கும் போட்ட வேலி அது. மெல்லிய தோலும் குட்டை மயிருமான சிப்பிப்பாறை அதன் இடைவெளியில் பாய்ந்தால் விலாவெல்லாம் கிழியும். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் கேட் உச்சியில் ஈட்டி முனை வைப்பதும் அதே கொடுமைதான்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதும் முக்கியம். துவைக்கிற கல்லோ விறகு அடுக்கோ மோட்டார் தொட்டியோ வேலியை ஒட்டி இருந்தால், அதன் தலையிலிருந்துதான் அளக்க வேண்டும். இரண்டரை அடித் தொட்டி இருந்தால் ஆறடி வேலி அங்கே மூன்றரை அடிதான். மூலைத் தூணுக்குச் சாய்வாகக் கொடுக்கும் முட்டுக்கால்கூட நாய்க்கு ஏணியாகும்.

இனி காஸ்கெட். வேலி தரையைத் தொடும் கோடுதான் அதன் நீளமான பாகம். கரிசலில் இது பெரும் தொல்லை. கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். தூண் சாயும், வலையின் அடி அங்கங்கே தூக்கிக்கொள்ளும். வலையின் கடைசிக் கண்களில் ஒரு கம்பியைக் கோத்து இழுத்துக் கட்டுவது முதல் வேலை. அதன் பிறகு, ஒன்றரை அடி அகல வலைத்துண்டு ஒன்றை வேலியடியோடு பிணைத்து, நாய் நிற்கும் பக்கமாகத் தரையில் படிய விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட வேண்டும். நாய் தோண்டுவது எப்போதும் வேலியின் காலடியில். நகம் கம்பியில் பட்டதும் பக்கத்தில் முயலுமே தவிர, இரண்டடி பின்னால் வந்து சுரங்கம் வெட்டத் தோன்றாது. செலவும் குறைவு. ஆறடியை ஏழடியாக்குவதைவிட இதில் போடும் பணம் பயன் தரும்.

அடுத்தது கேட். ஸ்கூட்டர் ஏறி இறங்கும் சரிவுக்காக அடியில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். இரட்டைக் கதவு சேரும் நடுவில் இன்னொரு சந்து. தலை நுழைந்தால் குட்டிக்கு உடம்பும் நுழையும், அல்லது நடுவில் மாட்டிக்கொண்டு அலறும். கேட்டின் கீழ் ஒன்றரை அடிக்குத் தகடோ நெருக்கமான வலையோ அடித்துவிடுங்கள். தூக்கித் திறக்கும் கொண்டியை மூக்கால் தள்ளக் கற்றுக்கொள்ளும் நாய்கள் உண்டு, பக்கவாட்டில் இழுக்கும் தாழ்ப்பாளும் அதில் ஒரு பூட்டும் நல்லது. கேட் உள்நோக்கித் திறக்கட்டும். மூடி உள்பக்கமாகப் பொருந்தும் குக்கர்களில் ஆவியின் அழுத்தமே மூடியை இறுக்குகிறது அல்லவா? நாய் உள்ளிருந்து முட்டும்போது உள்நோக்கித் திறக்கும் கேட்டும் அப்படியே நிலையோடு இறுகும். வெளிநோக்கித் திறப்பதாக இருந்தால் முழு பாரமும் தாழ்ப்பாள் ஒன்றின்மேல் விழும். பால்காரரும் கூரியர் பையனும் வந்துபோகும் வீட்டில், கேட்டுக்குள் சில அடி தள்ளி இன்னொரு சின்ன கேட் இருந்தால் நிம்மதி.

மண்ணுக்குள் ஒயர் புதைத்து, கழுத்துப் பட்டையில் ஷாக் கொடுக்கும் மின்வேலியும் விற்கிறார்கள். பாத்திரமே இல்லாத குக்கர் அது. வெறியோடு துரத்தும் நாய் வலியைத் தாண்டி ஓடிவிடும், திரும்பி வரத்தான் அஞ்சும். உள்ளே வரும் தெருநாயை அது தடுப்பதும் இல்லை. வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இந்த ஷாக் பட்டைகளுக்குத் தடை வந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தாலும் சேஃப்டி வால்வு ஒன்று வேண்டும். தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடும் நாயின் வேகத்துக்கு எந்த வேலியையும் நம்பாதீர்கள், அந்த நாட்களில் அதை வீட்டுக்குள் ஓர் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு எப்போதும் இருக்கட்டும். வலைக் கண் வழியாகத் தெருநாய் மூக்கைக் கடித்துவிடவும் வாய்ப்பு உண்டு என்பதால், வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போட்டு, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.