பூச்சிச் சிறகின் நரம்பமைப்பு

பறவையின் சிறகும் வௌவாலின் சிறகும் முன்கால்களின் திரிபுகளே. அவற்றுள் எலும்பும் தசையும் உள. பூச்சியின் சிறகோ அத்தகையதன்று. அது நெஞ்சறையின் பக்கச் சுவரோடு இணைந்த மெல்லிய இரட்டைச் சவ்வு. அதனுள் தசை சிறிதும் இல்லை. அதனைத் தாங்குவன நரம்புகள் மாத்திரமே.

இலையின் நரம்புகளை ஒத்திருத்தலால் இவை இப்பெயர் பெற்றன. உண்மையில் இவை உட்டுளையுள்ள குழாய்கள். இவற்றினூடே குருதிநீர் ஓடுகின்றது. பெரியவற்றுள் வாதனாளிகளும் உணர்ச்சி நரம்புகளும் செல்கின்றன.

தும்பியின் சிறகை எடுத்து நோக்குக. அது தட்டையானதன்று. நெடு நரம்புகள் மேடும் பள்ளமுமாக மாறி மாறி அமைந்துள்ளன. தாளொன்றை விசிறிபோல மடித்தால் அது எளிதில் வளையாதவாறு, இம்மடிப்புகள் சிறகுக்கு நீளப்பாட்டில் உறுதி தருகின்றன. நுனியருகே முன்விளிம்பில் தடித்த நிறப்புள்ளி ஒன்று உண்டு. சறுக்கிப் பறக்கையிற் சிறகு நடுங்காது காக்கும் எடைக்கல் அதுவென 1972 இல் நோர்பேர்க் என்பார் விளக்கினார்.

இனி, நரம்புகள் இனவுறவையும் உணர்த்துவன. தும்பியின் சிறகில் வலைபோல் நெருங்கிய நரம்புகள். வீட்டு ஈயின் சிறகிற் சிலவே. மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் பலவற்றில் ஏறக்குறைய ஒன்றே. இவை யாவும் ஒரு பொது முன்மாதிரியின் வேறுபாடுகள் எனக் கொண்டு, அமெரிக்க அறிஞரான கொம்ஸ்ரொக், நீடம் இருவரும் 1898–1899 ஆம் ஆண்டுகளில் ஒரு பெயரீட்டு முறையை வகுத்தனர். கொஸ்ரா, சப்கொஸ்ரா, றேடியஸ், மீடியா, கியூபிற்றஸ், ஏனல் என்பன அதன் முதன்மை நரம்புகள்.

அவர்கள் சான்றாகக் கொண்டது யாதெனில், வளரும் சிறகினுள் வாதனாளிகள் செல்லும் வழியே. அவ்வழியிலேயே நரம்புகள் தோன்றுமென அவர்கள் கருதினர். பிற்கால ஆய்வுகளோ வேறு கூறின. முதலில் அமைவன குருதி செல்லும் இடைவெளிகளே. வாதனாளிகள் பின்னரே அவற்றுட் புகுகின்றன. அவற்றின் வழியும் இனத்துக்கினம் வேறுபடுகின்றது. இதனால் சில நரம்புகளின் அடையாளம் மீண்டும் ஆராயப்பட வேண்டியதாயிற்று. எனினும், மேடுபள்ள ஒழுங்கையும் கற்படிவுகளையும் கொண்டு ஒப்பிட்டபோதும் பொது முன்மாதிரி என்னும் கருத்து நிலைபெற்றது. அப்பெயர்கள், திருத்தங்களுடன், இன்றும் வழங்குகின்றன.

சான்று தளர்ந்தபோதும் முடிபின் பெரும்பகுதி நின்றது. எனினும், அது நின்றமைக்குக் காரணம் முன்னோர் மீதுள்ள மதிப்பன்று, புதிய சான்றுகளே. கண்ணாடி வில்லையின்கீழ் ஒரு சிறகை வைத்துப் பெயர்களை ஒப்பிக்கும் மாணவர், அப்பெயர்கள் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதையும் உடன் கற்பாராயின், அதுவே விஞ்ஞானக் கல்வியாகும்.