டகார் ராலிக்குத் தகுதி பெறுவது எப்படி? வேகம் கடைசியில்தான் வருகிறது

"லடாக் வரைக்கும் பைக்கில் போய் வந்துட்டேன், டகார் ராலிக்குப் போக என்ன செய்யணும்?" அலுவலகத்தில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பணம் இருந்தால் போய்விடலாம் என்பதுதான் பொதுவான நினைப்பு. ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மையும்கூட. இன்றைக்கு அப்படியில்லை. ஏன் மாறியது, என்ன எதிர்பார்க்கிறார்கள், அதற்கு எப்படித் தயாராகிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துவந்ததைத் தொகுத்து வைக்கிறேன்.

தியரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-ல் அபிட்ஜான்-நீஸ் ராலியில் ஓட்டும்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். செத்துப் பிழைத்து ஊர் திரும்பியவர், 'இனி பாலைவனம் பக்கமே போவதில்லை' என்று சொல்லவில்லை. மற்றவர்களையும் அழைத்துப் போக முடிவு செய்தார்! 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் முதல் ராலி கிளம்பியது. செனகல் நாட்டின் டகார் நகரம்தான் முடிவுக்கோடு. யமஹா எக்ஸ்டி 500 பைக்கில் சிரில் நெவ்யூ ஜெயித்தார். அப்போது வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆர்வலர்கள். சபின் 1986-ல் மாலியில், ராலி நடந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். பயங்கரவாத மிரட்டலால் 2008 ராலி ரத்தானது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவில் நடந்தது. 2020-லிருந்து சவுதி அரேபியா. டகார் நகரத்துக்கும் டகார் ராலிக்கும் இப்போது பெயர் மட்டும்தான் சொந்தம்.

இரண்டு வாரம், நடுவில் ஒரு நாள் ஓய்வு, மொத்தம் ஏழெட்டாயிரம் கிலோமீட்டர். அதில் நேரம் கணக்கிடப்படும் பகுதிக்கு ஸ்பெஷல் என்று பெயர். ஸ்பெஷலுக்குப் போகவும் அங்கிருந்து முகாமுக்கு வரவும் ஓட்டும் சாலைப் பயணம் தனி. விடியற்காலை மூன்று நாலு மணிக்கு எழுந்து, ஜனவரிக் குளிரில் இருட்டில் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் அன்றைய போட்டியே ஆரம்பிக்கும். லடாக் பயணத்தோடு இதை ஒப்பிட முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

சரி, நுழைவது எப்படி? சர்வதேசப் போட்டி என்பதால் முதலில் சர்வதேச லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது எஃப்எம்எஸ்சிஐ என்கிற மோட்டார் விளையாட்டு சம்மேளனம். அதன் தலைமையகம் நம்ம சென்னையில்தான் இருக்கிறது. லைசென்ஸ் மட்டும் போதாது. டகாருக்குப் புதிதாக வருபவர், ஏற்பாட்டாளர்கள் ஏற்றுக்கொள்ளும் பாலைவன ராலி ஒன்றிலாவது ஏற்கெனவே ஓட்டியிருக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய உலக ராலி-ரெய்டு சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் இதற்கு நேரான வழி. மொராக்கோ ராலியும் அபுதாபி டெசர்ட் சேலஞ்சும் அவற்றில் பிரபலமானவை. பிறகு உங்கள் போட்டி வரலாற்றோடு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். ஒரு தேர்வுக் குழு அதைப் பார்த்து முடிவு செய்யும். 'ரோடு டு டகார்' என்று இன்னொரு வழியும் உண்டு: குறிப்பிட்ட சில ராலிகளில், அதுவரை டகார் ஓட்டாதவர்களில் முதலாவதாக வருபவருக்கு நுழைவுக் கட்டணம் இலவசம். அந்தக் கட்டணமே பதினைந்தாயிரம் யூரோவுக்கு மேல் என்பதால் இது சின்னப் பரிசு இல்லை.

மிச்சச் செலவு? பைக், உதிரி பாகம், மெக்கானிக், கப்பல் கூலி, அதற்கு முன்னால் ஓட்டவேண்டிய தகுதி ராலிகள் எல்லாம் சேர்த்தால் அரைக் கோடி ரூபாயைத் தாராளமாகத் தாண்டும். ஆகவே பல அமெச்சூர்கள் பைக்கையும் மெக்கானிக்கையும் ஐரோப்பிய சர்வீஸ் அணிகளிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். இது பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு முழுக்க நியாயமானது. ஆனால் தகுதி விதி அதைக் கூட்டிவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். பணம் மட்டும் உள்ளவனை வடிகட்டுவதுதான் அந்த விதியின் வேலை.

எதற்காக வடிகட்ட வேண்டும் என்பது ரோட்புக்கைப் பார்த்தால் புரியும். டகாரில் வழிகாட்ட கூகுள் மேப் கிடையாது. கைப்பிடிக்கு மேலே உள்ள பெட்டியில் ஒரு நீளமான காகிதச் சுருள் (முன்னணி வீரர்களுக்கு இப்போது திரை) இருக்கும். அதில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தூரம், சந்திப்பின் சிறு கோட்டுப்படம், குறிப்பு. கோட்டுப்படத்துக்கு 'டியூலிப்' என்று பெயர். நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்தது. குறிப்புகள் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் இருக்கும். 'டி' என்றால் வலம், 'ஜி' என்றால் இடம், 'ஹெச்பி' என்றால் தடமே இல்லாத இடம். ஆபத்துக்கு ஆச்சரியக்குறி. ஒன்று என்றால் கவனம், மூன்று என்றால் உயிருக்கே ஆபத்து. நூறு கிலோமீட்டர் வேகத்தில், நின்றபடி, கண்ணை ஒரு விநாடி தாழ்த்தி இதைப் படித்து மறுபடி முன்னால் பார்க்க வேண்டும். இடது கட்டைவிரலால் சுருளை நகர்த்த வேண்டும். ஒரு ஸ்டேஜில் இப்படி நூற்றுக்கணக்கான முறை.

நான் மென்பொருள்காரன் என்பதால் என்னை ஈர்த்தது தூரமானியின் கதை. சக்கரம் மணலில் வழுக்கிச் சுழலும்போது, வண்டி உண்மையில் போனதைவிட அதிக தூரத்தை மீட்டர் காட்டும். பிழை ஒரு சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 30 கிலோமீட்டரில் 300 மீட்டர் வந்துவிடும். ரோட்புக் சொல்லும் பள்ளம் உங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை, அல்லது ஏற்கெனவே போய்விட்டது. அதனால் சந்தேகமில்லாத ஓர் அடையாளம் (ஒற்றை மரம், கிணறு, தட வளைவு) வரும் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தி மீட்டரை ரோட்புக்கோடு சரிசெய்கிறார்கள். பல சர்வர்களின் கடிகாரங்களை அவ்வப்போது ஒத்திசைப்பதைப் போலத்தான். ஒத்திசைக்க அடையாளமே இல்லாத மணற்குன்றுகளில் திசையை மட்டும் நம்ப வேண்டும். அதில் ஐந்து டிகிரி தவறினால், பத்து கிலோமீட்டர் கழித்து சுமார் 870 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். ஏற்பாட்டாளர் தரும் ஜிபிஎஸ் கருவி, மறைத்துவைத்த புள்ளிக்கு நெருக்கமாக வந்தால்தான் அம்புக்குறியைக் காட்டும். அதுவரை வாயைத் திறக்காது.

முன்பெல்லாம் ரோட்புக்கை முந்தின நாள் மாலையே கொடுப்பார்கள். வீரர்கள் இரவில் உட்கார்ந்து கலர் பென்சிலோடு கோடு போடுவார்கள். பெரிய கம்பெனி அணிகள் செயற்கைக்கோள் படத்தை வைத்து வழியை அலச ஆளே வைத்திருந்தன. இப்போது வண்ணம் தீட்டிய ரோட்புக் காலையில், கிளம்புவதற்குச் சற்று முன்புதான் கையில் வருகிறது. ஏழை வீரனுக்கு இது நல்ல செய்தி. தூக்கமும் கொஞ்சம் கூடுதல்.

ஆகவே பயிற்சியில் பாதி ரோட்புக் பயிற்சிதான். பலர் வீட்டுப் பக்கத்து மண்பாதையில் தாங்களே ரோட்புக் எழுதி, இன்னொருவர் எழுதியதை ஓட்டிப் பழகுகிறார்கள். களைத்த பிறகு படிப்பதுதான் உண்மையான சோதனை. எனவே நாலு மணி நேரம் ஓட்டிய பிறகு ரோட்புக்கைத் தொடங்குவது நல்ல முறை. மீதிப் பாதியில் மணல். உட்காரக்கூடாது, ஃபுட்பெக்கில் நின்று எடையைப் பின்னால் வைக்க வேண்டும். வேகத்தை விட்டால் முன்சக்கரம் புதையும். ஆனால் குன்றின் உச்சியில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் காற்று மறைவுப் பக்கம் செங்குத்தாக இறங்கும். உச்சி வெயிலில் நிழலே விழாது, மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும். பல மோசமான விபத்துகள் நடப்பது அப்போதுதான்.

உடற்பயிற்சியில் பெரிய ரகசியம் இல்லை: நீண்ட நேர சைக்கிள், துடுப்பு மெஷின், முதுகுக்கும் முன்கைக்கும் வலு. சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒருமுறை எரிபொருள் நிறுத்தத்தில் 15 நிமிடக் கட்டாய ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் சாப்பிடக் கற்றுக்கொள்வதும் பயிற்சியே. உதவியாளர் இல்லாமல் ஓட்டும் 'ஒரிஜினல்' பிரிவில் இன்னும் கடினம். 80 லிட்டர் பெட்டி ஒன்று, டென்ட், மாற்றுச் சக்கரங்கள், அவ்வளவுதான் சொத்து. மாலையில் வந்து ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றி, டியூபுக்குப் பதிலாக டயருக்குள் இருக்கும் மூஸ் என்ற நுரை வளையத்தை மாற்றிவிட்டுத்தான் படுக்க முடியும். களைத்த கையால் மூஸ் மாற்றிப் பழகாதவர்கள் தூக்கத்தை இழக்கிறார்கள். தூக்கம் போனால் மறுநாள் மூன்று ஆச்சரியக்குறியைத் தவற விடுவார்கள்.

இது பயமுறுத்த எழுதியதில்லை. 2020 ஜனவரி 12 அன்று, ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வெஸ் இறந்தார். வயது 40, அது அவருடைய 13-வது டகார். அனுபவம் இருந்தும் நடந்தது. அடுத்த ஆண்டு அதே அணியின் பெங்களூரு வீரர் சி.எஸ். சந்தோஷ் விழுந்து, கோமாவில் வைத்துச் சிகிச்சை பெற்று மீண்டார். 2015-ல் 36-வது இடத்தில் டகாரை முடித்த முதல் இந்தியர் அவர். மோட்டோகிராஸில் தொடங்கி, ரெய்டு டி ஹிமாலயா, அபுதாபி என்று ஏறி வந்தவர். 2021 முதல் ஏர்பேக் ஜாக்கெட் கட்டாயம். எவராவது விழுந்து கிடந்தால் நின்று உதவ வேண்டும்; இழந்த நேரத்தைப் பின்னர் திருப்பித் தருவார்கள்.

வேகம் தேவையே இல்லையா என்றால், மேலே போகப் போகத் தேவை. 2023-ல் கெவின் பெனவிடஸ், 44 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, டோபி பிரைஸை வெறும் 43 விநாடியில் வென்றார். ஆனால் முதல் முறை போகிறவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. முந்தின நாள் ஜெயித்தவர் மறுநாள் முதலில் கிளம்பி, தடமில்லாத மணலில் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பின்னால் வருபவர் தடத்தைப் பார்த்து ஓட்டலாம், அந்தத் தடமே தவறாக இல்லாதவரை!

நமக்குப் பக்கத்து உதாரணம் ஹரித் நோவா. கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர், உள்நாட்டு சூப்பர்கிராஸில் பெயர் வாங்கியவர். ஓசூரில் இருக்கும் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து நடத்தும் அணிக்காக 2020-ல் முதன்முறை போனார், முடிக்க முடியவில்லை. 2021-ல் 20-வது இடம். ரப்-அல்-காலிப் பாலைவனத்தில் 48 மணி நேர ஸ்டேஜ் அறிமுகமான 2024-ல், மாலை நாலு மணிக்கு எந்த முகாமை எட்டினார்களோ அங்கேயே உதவியாளர் இல்லாமல் வீரர்கள் படுத்தெழுந்த அந்த ஆண்டில், மொத்தத்தில் 11-வதாக முடித்து ராலி 2 பிரிவை வென்றார்.